விருந்தாளிக்கு ஐந்து இலை

மதியம் இரண்டு மணிக்குத்தான் இந்த அறையில் வெளிச்சம் சரியாக விழும். நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள், கண் கூசாது. நாங்கள் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்போம். காலையில் பார்த்து முடித்ததைக்கூட இரண்டு மணிக்கு இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

நீங்கள் மரபணுக்காரர். உங்களுக்கு வெளிச்சம் வேண்டாம். இலையை அரைத்து இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பீர்கள். எங்களுடையது பழைய வேலை. கண்ணும் விரலும் போதும்.

காட்டுகிறேன். இது நம் ஏரியில் எப்போதும் இருந்த பாசி. தண்டில் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலை. விரலுக்கிடையில் வைத்து இழுத்தால் வழுக்கும். இது வெளியிலிருந்து வந்தது. கணுவுக்கு ஐந்து இலை. இழுத்துப் பாருங்கள். பூனை நாக்கு மாதிரி இல்லை? ஓரத்தில் பற்கள் இருக்கின்றன. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதில் தப்பு செய்வார்கள். நான் செய்ததில்லை.

அலுவலகத்தில் அதன் அறிவியல் பெயரை யாரும் சொல்வதில்லை. விருந்தாளி என்போம். யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. தொலைபேசியில், "சார், வடக்குக் கால்வாய்ல விருந்தாளி வந்திருக்கு" என்றால் போதும். "கிளம்புற மாதிரி தெரியுதா?" என்று தலைவர் கேட்பார். "பெட்டியைப் பிரிச்சுத் துணியெல்லாம் அடுக்கியாச்சு சார்" என்போம். சிரிப்போம். சின்ன அலுவலகம். சிரிக்க வேறு விஷயம் அதிகம் இல்லை.

அது யாரையும் கொல்வதில்லை. மாணவர்கள் வந்தால் முதலில் இதைத்தான் சொல்வேன். விஷம் கிடையாது, முள் கிடையாது. அடியிலிருந்து மேலே வரும். மேலே வந்ததும் படரும், அவ்வளவுதான். கீழே வெளிச்சம் போகாது. மற்றதெல்லாம் தானாக நடக்கும். மூன்று இலைப் பாசி வெளுத்து அழுகும். அதில் முட்டையிடுகிற மீனுக்கு இடமில்லாமல் போகும். அந்த மீனைத் தின்கிற பறவை வேறு நீர்நிலை தேடும். இரவெல்லாம் விருந்தாளி நீரில் இருக்கிற காற்றை இழுத்துக்கொள்ளும். விடியும்போது மீன்கள் வாயை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்.

முதல் வருடம் யாருக்கும் எதுவும் தெரியாது. தண்ணீர் முன்பைவிடத் தெளிவாக இருக்கும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதால் மீன் பெருகியதுபோலக்கூடத் தோன்றும். ஏரிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். அடுத்த வருடம் படகு நகராது.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவனுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். காலையில் அவனுக்குத் தலைவாரி, பள்ளியில் விட்டு, வகுப்புக்குப் போய், சாயங்காலம் அழைத்து வருவேன். அவனுக்கு மீன் என்றால் உயிர், ஆனால் முள்ளுக்குப் பயம். நான் முள்ளை எடுத்துத்தான் தட்டில் வைப்பேன். மீசை வந்த பிறகும் அப்படித்தான். ஒருமுறை அவன் நண்பன் பார்த்துவிட்டு, "டேய், கல்யாணத்துக்கு அப்புறமும் அக்காவைக் கூட்டிட்டுப் போவியாடா?" என்று கேட்டான். தம்பி சிரித்தான். "போவேன்டா, உனக்கென்ன?" என்றான். அது வேடிக்கைக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும். நினைவில் வைத்திருந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை. நேரம் வரவில்லை, பிறகு நேரம் போய்விட்டது.

அவன் ஏரிக்கரைப் பெண்ணைக் கட்டினான். நல்ல பெண். அவள் அப்பாவுக்கு அங்கே ஒரு குளம் இருந்தது. ஏரிக்குப் போகிற வாய்க்காலை ஒட்டிய குளம். மீன் குஞ்சு வளர்த்து விற்பார்கள், கண்ணாடித் தொட்டிகளுக்கு நீர்ச்செடியும் விற்பார்கள். மாமனாருக்கு முட்டிவலி. குளத்தைப் பார்க்க ஆள் வேண்டும். தம்பி அங்கேயே போய்விட்டான். வாரம் ஒருமுறை வருகிறேன் என்றான். வந்தான். பிறகு குஞ்சு பொரிக்கும் காலம் என்றான். பிறகு நீயே வாயேன் அக்கா என்றான்.

போனேன்.

என்னை நன்றாக நடத்தினார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தம்பி மனைவி வாசலுக்கு ஓடிவந்து பையை வாங்கினாள். "உள்ள வாங்க அண்ணி, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். அறையில் புதுத் துண்டு மடித்து வைத்திருந்தாள். புதுச் சோப்பு, உறைகூடப் பிரிக்காதது. நான் அடுப்படிக்குப் போனால், "நீங்க உக்காருங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்பாள். உட்கார்ந்தேன்.

காலையில் ஒருவர் கூடையோடு வந்தார். அவளுடைய சித்தப்பா. ஏரியில் படகு வைத்து மீன் பிடிப்பவர். வாசலில் தம்பி அவரிடம் பேசுவது உள்ளே கேட்டது.

"மாமா, விருந்தாளி வந்திருக்காங்க. நல்லதா ஒண்ணு எடுங்க."

"எத்தனை நாள் இருப்பாங்க மாப்ளே?"

"எதுக்கு?"

"சீக்கிரம் கிளம்பணும்னா முள்ளு மீன் தரேன். இருக்கட்டும்னா முள்ளில்லாதது."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். நானும் வெளியே வந்து சிரித்தேன். அவர் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, வாய் சும்மா இருக்காது" என்றார். நல்ல மனிதர். முள்ளில்லாத மீனையே கொடுத்தார், எடைக்கு மேல் ஒன்று சேர்த்துப் போட்டார்.

மதியம் சாப்பிடும்போது தம்பியின் தட்டைப் பார்த்தேன். அவனுக்கு மட்டும் நேற்றைய முள் மீன். அவனே முள்ளை எடுத்தான். கட்டை விரலால் ஒரு தள்ளு, நாக்கால் ஒரு தள்ளு, தட்டோரத்தில் வரிசையாக முள். பேசிக்கொண்டே செய்தான்.

விருந்தாளி என்று அவன் சொன்னதில் தப்பில்லை. வந்து போகிறவரை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் என் தொழிலில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். நான் அந்தச் சொல்லைப் பல வருடங்களாக ஒரே ஒன்றுக்குத்தான் பயன்படுத்தி வந்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கோபம் இல்லை. அடையாளம் பார்க்கும்போது கோபம் வராது. யார் எங்கே இருக்க வேண்டியவர், யார் இடத்தில் யார் படர்ந்திருக்கிறார் என்று மட்டும் பார்த்தேன்.

அந்த மாதம் வழக்கமான சோதனைக்கு ஏரிக்கரைக் குளங்களிலிருந்து மாதிரிகள் வந்தன. தம்பியின் குளத்துப் பையும் இருந்தது. மேசையில் கொட்டினேன். இரண்டு மணி வெளிச்சம். மூன்று இலை. வழுவழுப்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஐந்து என்று எழுதினேன்.

குளத்தை ஒரு பருவத்துக்கு மூடுவார்கள். மருந்து அடிப்பார்கள். வருமானம் நிற்கும். அவன் வீட்டுக்கு வருவான், வேலை கிடைக்கும்வரை இருப்பான். நினைத்தது அவ்வளவுதான். ஒரு பருவம். யாருக்கும் காயம் இல்லை. மாமனாருக்கு நஷ்டஈடுகூட உண்டு.

தலைவர் மட்டும் ஒன்று சொன்னார். அவரைப் பூதக்கண்ணாடி என்போம், கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். "உன் தம்பி குளம்மா இது. நீ மட்டும் பாத்தா பேச்சு வரும். நானும் வந்து இடத்துலயே பாத்துடுறேன், உனக்கும் நல்லது" என்றார். என்மேல் அக்கறையாகத்தான் சொன்னார்.

எழுதியதை உண்மையாக்க வேண்டியதாயிற்று.

மாணவர்களுக்குக் காட்ட இந்த ஜன்னலோரத்தில் ஒரு தொட்டி வைத்திருந்தோம். நீங்கள் போன வாரம் இலை கிள்ளிக்கொண்டு போன தொட்டி. துறைமுகத்தில் ஒரு பெட்டியில் பிடித்த விருந்தாளி, உயிரோடு. அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் வைத்துக்கொண்டேன். ஒரு தண்டு போதும். ஆனால் பாசியை இழுத்தெடுக்க வீசுகிற வாரிக்கு ஒரு தண்டு மாட்டாமல் போகலாம். அதனால் ஒரு கைப்பிடி.

ஒளிந்து மறைந்து செய்யவில்லை. பட்டப்பகல். தலைவர் காரிலிருந்து இறங்கிக் காலணி மாற்றிக்கொண்டிருந்தார். நான் கை கழுவுகிற மாதிரி படியில் உட்கார்ந்து துணியைத் தண்ணீரில் உதறினேன். தம்பி மனைவி பின்னால் வந்து, "துண்டு இந்தாங்க அண்ணி" என்றாள். துடைத்துக்கொண்டேன்.

தலைவர் வாரியைக் கயிற்றில் கட்டி வீசினார். இரண்டாவது வீச்சில் மாட்டியது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அஞ்சு" என்றார். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "நீ எப்பவும் தப்பா பாத்ததில்லையேம்மா" என்றார், வருத்தத்தோடு.

தம்பி கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியல்ல. "மருந்து அடிச்சா மீனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல அக்கா?" என்றான்.

பொய் சொல்லவில்லை. "மருந்து ஒண்ணும் பண்ணாது. பாசி மொத்தமா செத்து அழுகும்போது மூச்சு முட்டும்" என்றேன்.

"எல்லாத்துக்குமா?"

"பெரும்பாலும்."

அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். குஞ்சுகள் அப்போது விரல் நீளம்தான்.

மடை மூடியே இருக்க வேண்டும் என்று உத்தரவில் தெளிவாக இருந்தது. நானும் வாயால் சொன்னேன். மருந்துக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் அவன் மடைப்பலகையைத் தூக்கிவிட்டான். பாசி போகாமல் வலை கட்டிவிட்டுத்தான் தூக்கினான், புத்திசாலித்தனமாக. ஆனால் குஞ்சு போகிற வலைக்கண்ணில் கணுவும் போகும். ஒரு கணு போதும். அது வேர் விட்டு முழுச் செடியாகும். அவனுக்கு அது தெரியாது. மீன்கள் வாய்க்காலில் இறங்கி ஏரிக்குப் போவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தானாம். தட்டிக்கொடுத்து அனுப்புகிற மாதிரி தண்ணீரைத் தட்டினானாம். அவன் மனைவி பிறகு சொன்னாள்.

கறாராகப் பார்த்தால், ஏரிக்குள் அதை விட்டது நான் இல்லை.

அந்த வருடம் ஏரி தெளிவாக இருந்தது. நான் சொன்னேன் இல்லையா, முதல் வருடம் அப்படித்தான். சித்தப்பா தம்பியின் தோளைத் தட்டி, "உன் மீனெல்லாம் என் வலையிலதான் மாப்ளே, காசு கேக்காதே" என்றாராம். அடுத்த கோடையில் கரையோரம் பச்சையாயிற்று. மழைக்குப் பின் நடு ஏரிவரை வந்துவிட்டது. நாரைகள் வரவில்லை. நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கிற குழாயின் கம்பி வலையில் அடைத்துக்கொண்டு, ஆட்கள் தினமும் வாரி எடுத்தார்கள். வாருவதும் தப்புதான். வாரும்போது ஒடிகிற ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. அதையும் நான்தான் அவர்களுக்கு விளக்கினேன்.

குளத்தை மூடிய பிறகும் தம்பி அங்கேயே இருந்தான் என்பதைச் சொல்ல வேண்டும். நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத விஷயம் அது. அவன் கூலிக்குப் போனான். சித்தப்பாவின் படகில் ஏறினான். அவள் தையல் எடுத்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒருநாள் விடியற்காலை சித்தப்பாவின் படகு நடு ஏரியில் நின்றுவிட்டது. மோட்டார் விசிறியில் பாசி சுற்றிக்கொண்டது. அவர் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார். எப்போதும் செய்வதுதான். அறுத்துவிட்டு மேலே வரப் பார்த்திருக்கிறார். ஆனால் மேலே வர இடமில்லை. பாய் விரித்த மாதிரி மேலே மூடியிருந்தது. கீழே தண்டுகள் காலைச் சுற்றிக்கொண்டன. படகில் இருந்தது தம்பி. அவன் கையால் கிழித்துக் கிழித்துத் தேடினான். அவன் கைகளைப் பிறகு பார்த்தேன். பூனை நாக்கு என்று சொன்னேனே, அதிக நேரம் உரசினால் தோல் போய்விடும்.

அதற்குப் பின் அவன் மனைவி அவனோடு பேசவில்லை. திட்டவில்லை. பேசவில்லை. மாமனார் ஒன்று சொன்னாராம்: "பலகையைத் தூக்குனவன் கையால நான் தண்ணி குடிக்க மாட்டேன்." தம்பி ஒரு பையோடு வீட்டுக்கு வந்தான்.

அறையைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். புதுத் துண்டு வைக்கவில்லை. அவன் பழைய துண்டையே வைத்தேன். அவன் விருந்தாளி இல்லையே.

வந்த புதிதில் ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தான். பலகையைத் தூக்கினது நான், சரி. ஆனா அது குளத்துக்குள்ள எப்படி வந்துச்சு? இந்த அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் படித்திருக்கிறான். காலணியில் ஒட்டும் சேற்றைக் கழுவாமல் இன்னொரு நீர்நிலையில் இறங்காதீர்கள் என்ற அறிவிப்பு. அதை எழுதியது நான்தான்.

"நான் குஞ்சு வாங்கப் போனேன்ல, வெளியூர்ப் பண்ணைக்கு. அங்க பூட்ஸோட இறங்கினேன் அக்கா. கழுவவே இல்ல. அப்படியே வந்து நம்ம குளத்துல இறங்கினேன். அதுலதான் வந்திருக்குமா?"

"இருக்கலாம்" என்றேன்.

எங்கள் துறையில் இருக்கலாம் என்பது பொய் ஆகாது. எதுவும் இருக்கலாம்.

அவன் பூட்ஸைக் கொல்லையில் வைத்து எரித்தான். ரப்பர் சீக்கிரம் எரியாது. நாற்றம் தெரு முழுக்க அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கொசுவுக்கா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றான்.

பிறகு அமைதியாகிவிட்டான். காலையில் எழுந்து பாசி வாரும் கூட்டத்தோடு ஏரிக்குப் போகிறான். கூலி வாங்குவதில்லை. கணு எது, துண்டு எது என்று நான் சொல்லிக்கொடுத்ததால் அவன் மட்டும் ஒடியாமல் வாருகிறான். தலைவரே பாராட்டினார். சாயங்காலம் வந்து உட்காருவான். நான் மீனை முள் எடுத்துத் தட்டில் வைப்பேன். சாப்பிடுவான். ஒருநாள் கவனக்குறைவாக ஒரு முள்ளை விட்டுவிட்டேன். அதையும் மென்று விழுங்கினான். தெரிந்ததா தெரியவில்லையா என்று கேட்கவில்லை.

அவன் ஏன் சிரிப்பதில்லை என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வீடு அமைதியாக இருக்கிறது என்றேன். அதுதான் உண்மை. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

நீங்கள் தொட்டி இலையையும் ஏரி இலையையும் அரைத்துப் பார்த்ததாகச் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வடக்குக் கால்வாயில் இருப்பது வேறு வம்சம். விருந்தாளி இங்கே விதை போடுவதில்லை, ஒடிந்துதான் பெருகும். ஏரி முழுக்க இருப்பது இந்தத் தொட்டிச் செடியின் இனம் மட்டுமல்ல, இந்தத் தொட்டிச் செடியேதான். கண்ணும் விரலும் இதைச் சொல்லியிருக்காது. உங்கள் இயந்திரம் நல்ல இயந்திரம்.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்றை ஐந்து என்று எழுதியது நான். தொட்டியிலிருந்து எடுத்தது நான். படியில் உட்கார்ந்து துணியை உதறியது நான். குளம், ஏரி, அந்த மனிதர், எல்லாம் என் கைப்பிடியில் இருந்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன். வேலை, சிறை, எதையும் நான் மறுக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தம்பிக்குத் தெரிய வேண்டாம். வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, நீங்கள் அவனைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறான். நான் எங்கே போகிறேன் என்பதற்கு வேறு காரணம் சொல்லிக்கொள்கிறேன். வேலையில் கவனக்குறைவு என்று சொன்னால் நம்புவான். எனக்காகச் சொல்லவில்லை, அவனுக்காகச் சொல்கிறேன். அவனுக்கு அந்தப் பூட்ஸ் பழகிவிட்டது. அதைச் சுமந்துகொண்டு எழுகிறான், அதைச் சுமந்துகொண்டு தூங்குகிறான். இப்போது போய் அது உன்னுடையது இல்லை என்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அவள் வாசலில் போய் நிற்பான். அவளும் கதவைத் திறப்பாள். நல்ல பெண் என்றேனே. அப்புறம் நான் திரும்பி வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள்?

தட்டுகிறான். தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான், அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். வரட்டும். நீங்கள் அந்தக் காகிதத்தை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.

"சாப்பாடு ஆறிப்போகுது அக்கா, அதான் வந்தேன். மன்னிச்சுக்குங்க மேடம். வெளில பேசிக்கிட்டாங்க, எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டீங்களாமே. என் பூட்ஸ்தானே அக்கா?"